ஜெசிந்தா கையெழுத்துப் போடாத ஃப்ரேம்

என் அன்புச் சண்டைக்காரி ஜெசிந்தாவுக்கு,

மெஷின் உள்ளே போய்விட்டது. இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்தேன். மெட்ரோ ரயிலுக்காகப் பெங்களூர் ஓசூர் ரோடுப் பக்கத்துக் குழியில் இறக்கிய அந்தச் சுரங்க மெஷின், தன் உடம்பு முழுவதையும் மண்ணுக்குள் இழுத்துக்கொண்டு, இப்போது அடுகோடி வீடுகளுக்கு அடியில் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. மேலே தெருவில் நின்று டீ குடிப்பவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. நேற்றிலிருந்து என் ஃப்ரேமை வெட்டி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நீ போன பிறகு நான் நிறுத்திய முதல் ஃப்ரேம் அது. உன் கையெழுத்து இல்லாமல் நின்ற முதல் ஃப்ரேமும் அதுதான். அது நிற்குமா, நிற்காதா என்பதைவிட, நீ இல்லாமல் என்னால் ஒன்றைச் சரியாக நிறுத்த முடியுமா என்பதுதான் இந்த ஆண்டு முழுவதும் என்னை விடாத கேள்வி. அதற்குப் பதில் கிடைத்துவிட்டது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

உன் முதலாண்டு நினைவுப் பூசையன்று கோவிலில் கொடுக்க ஒரு சின்ன மலர்ப் புத்தகம் போடுகிறார்கள். உன் வீட்டுக்காரர் லாரன்ஸ் அண்ணன் என்னையும் எழுதச் சொன்னார். "நீ எழுதலன்னா அவ என்னை சும்மா வுடமாட்டா. ஆனா ஒண்ணும்மா, இஞ்சினியரிங் வேணாம். படிக்கிறவங்க பாவம்" என்றார். சரி அண்ணா என்று தலையாட்டிவிட்டு வந்தேன். எழுத உட்கார்ந்தால், இஞ்சினியரிங்கை எடுத்துவிட்டு உன்னையும் என்னையும் பற்றிச் சொல்ல ஒன்றுமே மிச்சமில்லை. அண்ணன் பொறுத்துக்கொள்ளட்டும்.

அடுத்த பத்தி படிக்கிறவர்களுக்காக. நீ அதற்குள் ஒரு கொட்டாவி விட்டுக்கொள்.

சுரங்கம் தோண்டும் மெஷின் ஒரு பெரிய இரும்பு உருளை. அது முன்னால் போக வேண்டுமென்றால் பின்னால் எதையாவது உதைத்துத் தள்ள வேண்டும். சுரங்கத்துக்குள் போய்விட்டால் கவலையில்லை, தான் கட்டிவிட்டு வந்த கான்கிரீட் வளையங்களையே உதைத்துக்கொண்டு போகும். ஆனால் முதல் நாள், குழியின் அடியில் அது நிற்கும்போது, அதன் முதுகுக்குப் பின்னால் வெறும் காற்றுதான் இருக்கிறது. அதனால் பின்னால் ஒரு பெரிய இரும்பு ஃப்ரேமை நிறுத்துகிறோம். மெஷினுக்கும் ஃப்ரேமுக்கும் இடையில் தற்காலிகமாகச் சில கான்கிரீட் வளையங்களை, துண்டு துண்டாகச் சேர்த்து, அடுக்குகிறோம். மெஷின் வளையத்தை உதைக்கும், வளையம் ஃப்ரேமை உதைக்கும், ஃப்ரேம் குழியின் பின்சுவரில் முட்டுக்கொடுத்து நிற்கும். அது நகர்ந்துவிட்டால் மெஷின் கோணிக்கொள்ளும். நடுவில் வேலை செய்கிறவர்களுக்கு ஓட இடம் கிடையாது. மெஷின் உள்ளே போனதும் ஃப்ரேமை வெட்டி எடுத்துவிடுவார்கள், அப்படி ஒன்று இருந்ததே யாருக்கும் நினைவிருக்காது. அந்த ஃப்ரேமை வடிவமைப்பது என் பிழைப்பு. அதில் தப்புக் கண்டுபிடிப்பது உன் பிழைப்பு.

நம் முதல் சண்டை உனக்கு நினைவிருக்கும். எனக்கு அது மறந்தாலும் என் முழங்கை மறக்காது.

பெங்களூரில் நான் போட்ட முதல் ஃப்ரேம் அது. வடிவமைத்த கம்பெனி ஒன்று, சரிபார்க்கும் கம்பெனி வேறொன்று என்பது விதி. சரிபார்ப்பவர் என் கணக்கைத் திறந்தும் பார்க்கக்கூடாது. வரைபடத்தை மட்டும் வைத்துக்கொண்டு தானே முதலிலிருந்து கணக்குப் போட வேண்டும். யாரோ ஜெசிந்தாவாம், பிரேசர் டவுனில் ஆபீஸாம், அவளிடமிருந்து என் வரைபடம் சிவப்பு மையில் குளித்துத் திரும்பி வந்தது. தாங்குமா, தாங்காதா என்ற கேள்விகளைப் பொறுத்துக்கொண்டேன். ஓர் இடத்தில் மட்டும், "இங்கே வெல்டர் எப்படி உட்காருவார்?" என்று எழுதியிருந்தாய். எனக்கு உச்சிக்கு ஏறியது. வெல்டர் உட்காரும் நாற்காலியைக்கூட நானா வடிவமைக்க வேண்டும்?

ஆட்டோ பிடித்து வந்து உன் மேசைக்கு முன்னால் நின்றேன். நீ தலையைத் தூக்கிப் பார்த்தாய். "இன்னாத்துக்கு முறைக்கிற? டேபிளுக்கு அடியில போ" என்றாய்.

"என்னது?"

"அடியில போய் மல்லாக்கப் படு. ஒரு கையில வெல்டிங் ஹோல்டர், ஒரு கையில மூஞ்சிக்குப் பிடிக்கிற கண்ணாடி. அப்படியே மேல பாத்து வெல்டிங் பண்ணு. நான் பாக்கறேன்."

நான் கஞ்சி போட்ட காட்டன் புடவையில் வந்திருந்தேன். ரோஷம் யாரை விட்டது? போய்ப் படுத்தேன். கையைத் தூக்கினேன், மேசையின் அடிப்பலகையில் முழங்கை மடேரென்று இடித்தது. உங்கள் ஆபீஸ் முழுவதும் எழுந்து நின்று வேடிக்கை பார்த்தது. அந்த மேசைக்கு அடியில் இருந்த இடமும், என் வரைபடத்தில் வெல்டருக்கு நான் விட்டிருந்த இடமும் ஏறக்குறைய ஒன்று என்று நீ முன்பே டேப் வைத்துப் பார்த்திருக்கிறாய். நான் எப்படியும் சண்டைக்கு வருவேன் என்பதுகூட உனக்குத் தெரிந்திருக்கிறது. வெளியே வந்து புடவையைத் தட்டிக்கொண்டபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. நீயும் சிரித்தாய். அன்றைக்கே வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சாப்பாடு போட்டாய். உன் மகள் செலின் அப்போது குட்டிப் பெண், என் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு பெரியம்மா என்றாள்.

அதற்குப் பிறகு எத்தனை குழி, எத்தனை ஃப்ரேம். உன்னிடம் வருகிற காண்ட்ராக்டர்கள் எல்லோரும் இந்த ஊர் வழக்கப்படி, "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி மேடம்", கொஞ்சம் அனுசரித்துப் போங்கள் என்பார்கள். நீயும் சளைக்காமல், "அட்ஜஸ்ட் மாடக்கே இதேனு பஸ் சீட்டா?", அனுசரிக்க இது என்ன பஸ் சீட்டா என்று அவர்கள் கன்னடத்திலேயே திருப்பிக் கேட்பாய். அவர்கள் சிரித்துக்கொண்டே போய், வெளியே நின்று உன்னைத் திட்டுவார்கள். நானும் பல தடவை திட்டியிருக்கிறேன், உன் காதுபடவே.

எல்லாவற்றையும்விட என்னைப் படுத்தியது உன் மௌன விரதம்தான். என் வரைபடம் உன் மேசையில் இருக்கும்வரை நீ என்னோடு பேச மாட்டாய். வேலை விஷயம் மட்டுமில்லை, எந்த விஷயமும் கிடையாது. "பேசினா நீ மொகத்த பாவமா வச்சிப்ப, நான் எளகிடுவேன்" என்பது உன் காரணம். பேக்கரியில் நேருக்கு நேர் பார்த்தாலும், ரொட்டியை ஏதோ பரீட்சைக்குப் படிப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நிற்பாய். உன் வீட்டில் பிரியாணி செய்தால் மட்டும் செலின் தூக்கு வாளியோடு வருவாள். "பெரியம்மா, அம்மா உங்களோட பேசமாட்டாங்களாம். ஆனா இதக் குடுத்துட்டு வரச் சொன்னாங்க" என்பாள். ஒருநாள் போன் அடிக்கும். "முடிஞ்சுது. வா" என்பாய். அந்த இரண்டு வார்த்தைக்காக நான் எவ்வளவு காத்திருந்திருக்கிறேன் தெரியுமா?

கடைசித் தடவை அந்த மௌனம் நீண்டுகொண்டே போனது. ஓசூர் ரோடுக் குழிக்கான ஃப்ரேம். சரி, எதையோ பெரிதாகப் பிடித்துவிட்டாய், என்னை ஒரு வழி பண்ணப்போகிறாய் என்று நினைத்து, நானே என் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோபமும் வந்தது. இவளுக்கு என்ன திமிர் என்று நினைத்தேன். அப்போதுதான் ஒரு மத்தியானம் செலின் வந்தாள். கையில் வாளி இல்லை.

"அம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்க பெரியம்மா. ரொம்ப நாளாச்சு. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னாங்க. டிராயிங் இன்னும் அவங்ககிட்டதான் இருக்காம்."

அடிப் பாவி. சாகக் கிடக்கும்போதுகூடவா விதி?

ஓடி வந்தேன். கட்டிலில் பாதியாகக் கிடந்தாய். என்னைப் பார்த்ததும் முதல் வார்த்தையாக, "முடிக்கல அரசி. கையெழுத்துப் போடல" என்றாய். நான் வாயைத் திறந்தேன். "வேலையப் பத்தி ஒரு வார்த்தை பேசுன, நர்ஸக் கூப்பிட்டு வெளிய தள்ளச் சொல்லிடுவேன்" என்றாய். அதனால் செலின் முடியை வெட்டிக்கொண்டதைப் பற்றிப் பேசினோம். உங்கள் பக்கத்து வீட்டு நாய் உன் செருப்பை மட்டும் தேடிக் கடிப்பதைப் பற்றிப் பேசினோம். உன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் ஃப்ரேமில் நீ எதையாவது பார்த்தாயா, இல்லை பார்க்கும் முன்பே படுத்துவிட்டாயா என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நீ சொல்லியிருக்க மாட்டாய்.

உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்த பிறகு சில வாரம் எனக்கு ஒரு கிறுக்கு எண்ணம் ஓடிக்கொண்டிருந்தது. நீ எங்கும் போகவில்லை, என் வரைபடம் ஏதோ ஒன்று உன் மேசையில் இருக்கிறது, அதனால்தான் பேசாமல் இருக்கிறாய் என்று. போன் அடித்தால் திடுக்கிட்டுப் பார்ப்பேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஓசூர் ரோடு வரைபடம் வேறொரு கம்பெனிக்குப் போனது. அங்கே மஞ்சுநாத் என்பவர் பார்த்தார். கெட்டிக்காரர், நேர்மையானவர், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. அவர் பங்குக்குத் தனியாகக் கணக்குப் போட்டார், என் விடையும் அவர் விடையும் ஒத்துப்போயின. ஒரு கேள்விகூட இல்லாமல் ஒப்புதல் வந்துவிட்டது. ஆபீஸில் எல்லோருக்கும் சந்தோஷம். எங்கள் மேனேஜர், "ஜெசிந்தா மேடமா இருந்தா இன்னும் இழுத்துக்கிட்டே இருந்திருப்பாங்க. பாத்தீங்களா, எவ்ளோ ஸ்மூத்!" என்றார். நானும் சிரித்தேன். பொம்மசந்திரா பட்டறையில் இரும்பு வெட்ட ஆரம்பித்தார்கள். ஃப்ரேம் குழிக்குள் இறங்கி, நிமிர்ந்து நின்று, பெயின்ட்கூட அடித்தாகிவிட்டது. தொடக்கப் பூஜைக்கு நாள் குறித்தார்கள்.

எனக்கோ சோறு இறங்கவில்லை. நான் போட்ட எந்த வரைபடமும் கேள்வி இல்லாமல் திரும்பியதில்லை. நீ போனதும் திடீரென்று எனக்கு அறிவு வளர்ந்துவிட்டதா என்ன? மஞ்சுநாத்துக்கே போன் போட்டேன். "சார், ஒரு சந்தேகம்கூட வரலையா உங்களுக்கு?" என்று கேட்டேன். "எல்லா கரெக்டாகித்து மேடம். சும்னே, வீணா எதுக்கு டவுட்டு?" என்றார். அவரைப் பொறுத்தவரை அது நியாயம். அப்ரூவல் வந்த பிறகு குறை கேட்டுப் போன் போடுகிற பைத்தியத்தை அவர் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார்.

அப்போதுதான் உன் பூட்ஸ் நினைவுக்கு வந்தது. உன் ஆபீஸ் வாசலில் எப்போதும் சேறு அப்பிக் கிடக்குமே, அந்த பூட்ஸ். கணக்கைத் தொடும் முன்னால் நீ குழிக்குப் போவாய் என்று தெரியும். அங்கே போய் என்ன செய்வாய் என்று நான் கேட்டதும் இல்லை, நீ சொன்னதும் இல்லை. பூஜைக்கு முந்தின வாரம் ஒரு காலையில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நானே குழிக்குள் இறங்கினேன். அஸ்லம் இருந்தார். நம் பழைய குழிகளிலெல்லாம் ஷிஃப்ட் இஞ்சினியராக இருந்த அதே அஸ்லம்தான், இப்போது இந்தக் குழி முழுவதும் அவர் பொறுப்பு.

"அஸ்லம், ஜெசிந்தா மேடம் குழிக்கு வந்தா உங்கள இன்னா கேப்பாங்க?"

அவர் யோசித்தார். "பெருசா ஒண்ணும் கேக்கமாட்டாங்க மேடம். 'லாஞ்சிங் அன்னிக்கு இன்னா பண்ணப்போற, மொதல்லருந்து சொல்லு'ம்பாங்க. நான் சொல்வேன். அவங்க கண்ண மூடிக்கினு கேப்பாங்க. தூங்கிட்டாங்களோன்னு நெனப்பேன்."

"எனக்கும் சொல்லுங்க" என்றேன். கண்ணை மூடிக்கொள்ளத் தைரியம் வரவில்லை, அவர் முகத்தையே பார்த்தேன்.

சொல்ல ஆரம்பித்தார். மெஷினைத் தொட்டிலில் உட்கார வைப்பது, வயர்களை மாட்டுவது, முதல் வளையம், இரண்டாம் வளையம். எல்லாம் என் வரைபடத்தில் இருப்பதுதான். அப்படியே பேச்சோடு பேச்சாக, "வளையத்துல மேல் பீஸுங்கள வெக்கமாட்டோம், தொறந்தே வுட்டுடுவோம்" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போனார்.

"இருங்க. ஏன் வெக்கமாட்டீங்க?"

"எடம் ஏது மேடம்? ரோட்ட மூட பர்மிஷன் கெடைக்கலன்னு குழியக் குட்டையாக்கிட்டாங்கல்ல? பின்னாடி ஒரு சாமானும் எறக்க முடியாது. அதான் வளையத்த மேல தொறந்து வெச்சி, அந்த ஓட்டை வழியா கிரேன்ல எறக்கலாம்னு முடிவு. எல்லாருக்கும் தெரியுமே."

எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனக்கும் மஞ்சுநாத்துக்கும் மட்டும் தெரியவில்லை. குழியைக் குட்டையாக்கியது எனக்குத் தெரியும். அதற்கேற்ப என் ஃப்ரேமையும் குட்டையாக்கினேன், முட்டுகளை மாற்றினேன். குட்டைக் குழியில் ஆட்கள் எப்படிச் சாமான் இறக்குவார்கள் என்று யோசிக்கவில்லை. நான் போட்டது முழு வளையத்துக்கான கணக்கு. மெஷின் சுற்றிலும் ஒரே மாதிரி உதைக்கும், ஃப்ரேம் முழுவதும் பங்கிட்டுத் தாங்கும் என்று. மேல் துண்டுகள் இல்லையென்றால் மேலே உதைப்பதற்கு ஒன்றும் இல்லை. அத்தனை உதையும் கீழ்ப்பாதியில்தான் விழும். மேலே இருக்கிற முட்டுகள் சும்மா நிற்க, கீழே இருக்கிறவை மென்னி முறியும். கணக்கில் பிழை இல்லை, மஞ்சுநாத் சரியாகத்தான் சொன்னார். ஆனால் நாங்கள் இருவரும் போட்டது நடக்கவே போகாத ஒரு வேலைக்கான கணக்கு.

அங்கேயே ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்துவிட்டேன். எதிரே என் ஃப்ரேம் பச்சை பெயின்ட்டில் பளபளவென்று நின்றது. "தண்ணி குடிக்கிறீங்களா மேடம்?" என்று அஸ்லம் கேட்டார்.

ஆபீஸுக்கு வந்து கீழ்ப்பாதிக்கு மட்டும் கணக்குப் போட்டேன். ஃப்ரேம் ஒடிந்து விழுந்திருக்கும் என்று சொல்லி இதைப் படிக்கிறவர்களைப் பயமுறுத்த மாட்டேன். வளைந்திருக்கும், பின்னால் நகர்ந்திருக்கும். ஆட்கள் நடுவில் இருக்கும்போது அது போதும்.

மேனேஜரிடம் போய், ஒப்புதல் வாங்கிய வரைபடத்தை வாபஸ் வாங்க வேண்டும் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அரசி, பூஜைக்கு எல்லாரையும் கூப்ட்டாச்சு. மேடை போட்டாச்சு. பூசணிக்காகூட வந்து எறங்கிடுச்சு. அப்ரூவ் ஆன டிராயிங்க டிசைனரே வாபஸ் வாங்கறத எங்கயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா? மேல் பீஸ வெச்சே வேல செய்யச் சொல்லுங்க, முடிஞ்சுது."

"வெச்சா கீழ ஒரு போல்ட்டுகூட எறக்க முடியாது சார். எப்படியும் ஒரு நாள் கழட்டத்தான் போறாங்க. அன்னிக்கு நம்மகிட்ட கேக்கமாட்டாங்க."

"கொஞ்சம் பாத்துப் பண்ணச் சொல்லலாமே?"

இந்த வேலையை நம்பித்தான் என் குடும்பம் இருக்கிறது என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் சொன்னேன். "சார், அந்த ஃப்ரேமுக்கும் மெஷினுக்கும் நடுவுல நீங்களும் நானும் நிக்கப்போறதில்ல. அஸ்லம் நிக்கப்போறாரு. வாபஸ் வேணாம்னா என் கையெழுத்த மட்டும் எடுத்துடுங்க. யாருக்கு நம்பிக்கை இருக்கோ அவங்க போடட்டும்." போட யாரும் இல்லை என்பது அவருக்கும் தெரியும். பேனாவை உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு வாபஸ் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுத் தள்ளினார். அதற்கப்புறம் ரொம்ப நாள் காரிடாரில் என்னைப் பார்த்தால் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார்.

மஞ்சுநாத்துக்கும் கோபம்தான். "நன்ன ஹெசரு ஏன் மேடம் கெடுக்கறீங்க?" என்று கேட்டார். தன் பெயர் கெட்டுவிட்டது என்று அவருக்கு வருத்தம். ஆனால் மறுநாள் பூட்ஸ் மாட்டிக்கொண்டு குழிக்கு வந்தார். அஸ்லமை மொத்தக் கதையையும் முதலிலிருந்து சொல்லச் சொல்லிக் கேட்டார். திருத்திய வரைபடத்தை அனுப்பினேன், பக்கம் பக்கமாகக் கேள்வி வந்தது. அதில் ஒன்று அநியாயமான கேள்வி. படித்ததும் எனக்கு உச்சிக்கு ஏறியது. அப்புறம் பார்த்தால் அழுதுகொண்டிருக்கிறேன். பக்கத்து சீட்டுப் பெண் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

பொம்மசந்திராவிலிருந்து கூடுதல் முட்டுகள் வந்தன. ஃப்ரேமின் கீழ் உத்தரத்தைத் தரையோடும் சுவரோடும் இறுக்கிக் கட்டினோம். வளையம் திறந்திருக்கும் வரை மெஷின் எவ்வளவு அழுத்தலாம் என்று ஒரு வரம்பு வைத்து, அதற்கு மேல் போகாதபடி மெஷினிலேயே பூட்டச் சொன்னோம். பூஜை தள்ளிப்போனது. முதலில் வந்த பூசணிக்காய்கள் அழுகி, புதிதாக வாங்கினார்கள்.

அந்த நாளும் வந்தது. தேங்காய் உடைத்தார்கள், மெஷினின் முகத்துக்கு மாலை போட்டார்கள், எலுமிச்சம்பழம் வைத்தார்கள். குழிச் சுவரில், சுரங்கத் தொழிலாளிகளுக்குக் காவல் என்று பழைய குழி ஒன்றில் நீ கொண்டுவந்து வைத்த அந்தச் சின்ன பார்பராம்மாள் சிலையும் இருந்தது. ஒவ்வொரு குழி மாறும்போதும் அஸ்லம்தான் அதைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வருகிறாராம். "மேடம் வெச்சது, வுட்டுட்டு வர மனசு கேக்கல" என்றார். வந்தவர்கள் எல்லோரும் மெஷினின் முகத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் மேல் நடைபாதையில் பின்பக்கம் போய் ஃப்ரேமுக்கு நேராக நின்றுகொண்டேன். மெஷின் உறுமியது, உதைத்தது. அளவுக் கருவியைப் பார்த்துக்கொண்டிருந்த பெண், "நகருது மேடம்" என்றாள். "எவ்ளோ?" என்றேன். சொன்னாள். கணக்குப் போட்ட அளவைவிடக் குறைவாகத்தான் இருந்தது. அதற்கு மேல் நகரவில்லை. கீழே அஸ்லம் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

ஜெசிந்தா, அங்கே நின்றுகொண்டு உனக்கு நன்றி சொன்னேன். சத்தமாகவே சொன்னேன், மெஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. நீ உயிரோடு இருந்தபோது ஒரு தடவைகூட நான் அதைச் சொன்னதில்லை, நீயும் எதிர்பார்த்ததில்லை. இப்போது எல்லோரும் படிக்கும்படி சொல்கிறேன். என்மேல் அவ்வளவு பிரியம் வைத்திருந்தும் என் கணக்கை ஒரு நாளும் நம்பாமல் இருந்தாயே, அதற்கு நன்றி. உன் சிவப்பு மைக்கு நன்றி. பேக்கரியில் முகத்தைத் திருப்பிக்கொண்டதற்கு நன்றி. நம் ஃப்ரேம்களுக்கு முன்னால் நின்று வேலை செய்த ஒருவருக்கும் இன்றுவரை ஒரு கீறல் விழுந்ததில்லை என்றால், அது என் கெட்டிக்காரத்தனம் என்றுதான் இத்தனை வருஷமும் மனசுக்குள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுச் செய்தியும் சொல்லிவிடுகிறேன். லாரன்ஸ் அண்ணன் ரசம் வைக்கக் கற்றுக்கொண்டுவிட்டார், குடிக்கலாம். செலின் சிவில் இஞ்சினியரிங் எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். "உங்க ரெண்டு பேரையும் பாத்ததே போதும் பெரியம்மா" என்கிறாள். அவள் சிரிக்கும்போது மூக்கைச் சுருக்குவது உன்னைப் போலவே இருக்கிறது. பார்க்கச் சந்தோஷமாகவும் இருக்கிறது, தாங்கவும் முடியவில்லை.

இன்னொன்று. உங்கள் ஆபீஸிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். உன் இடத்துக்கு வரச் சொல்லி. முதலில் யோசித்தேன். வடிவமைத்தவளைப் பூஜையன்று மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போடுவார்கள். சரிபார்த்தவளை யாரும் கூப்பிடுவதில்லை. உன்னை எந்த மேடையிலும் நான் பார்த்ததில்லை. கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிறவளை யாருக்குப் பிடிக்கும்? எனக்கு எல்லோரும் என்னைப் பிடித்திருக்கிறது என்று சொல்ல வேண்டும், அது என் குணம், உனக்குத் தெரியும். ஆனாலும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். போன வாரம் சேர்ந்தேன்.

முதல் வரைபடம் வந்துவிட்டது. சென்னையில் யாரோ ஒருவர் போட்டிருக்கிறார், நான் பார்த்ததில்லை. அழகான ஃப்ரேம், கணக்கும் ஒத்துப்போகிறது. "பூஜைக்கு நாள் குறிச்சாச்சு மேடம், கொஞ்சம் பாத்துப் போட்டுக் குடுங்க" என்று தன்மையாகப் போனில் சொன்னார். நல்ல குரல். பிள்ளைகுட்டிக்காரராக இருப்பார், அவருக்கும் மேலிருந்து நெருக்குகிற ஒரு மேனேஜர் இருப்பார். நேற்று நானே அவருடைய குழிக்குப் போய், அங்கே இருந்தவர்கள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு வந்தேன். அதன் பிறகு அவர் கூப்பிட்டபோது நான் போனை எடுக்கவில்லை.

நாளைக் காலையில் அந்த வரைபடத்தைச் சிவப்பு மைக் கேள்விகளோடு திருப்பி அனுப்பப்போகிறேன். அவர் என்னைத் திட்டுவார், வெளியே நின்று திட்டுவார், ஒருவேளை ரயிலேறி நேரிலேயே வந்து திட்டுவார். திட்டட்டும். அவருடைய ஃப்ரேமுக்கு முன்னால் நிற்கப்போகிறவரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவருக்கும் என் பெயர் தெரியப்போவதில்லை. அவர் ஷிஃப்ட் முடிந்து குழியிலிருந்து மேலே ஏறி, கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போவார், ஜெசிந்தா. உன் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். இது சத்தியம்.

உன் செலினுக்குப் பெரியம்மாவான,
அரசி